பத்து விநாடிக்குள் ஒரு தாளம்

பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது மற்ற வாத்தியங்கள் எல்லாம் சட்டென்று ஓய்ந்து, டிரம் மட்டும் சிறிது நேரம் தனித்து முழங்குவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். மேனாட்டு இசைக்காரர்கள் இதனைப் 'பிரேக்' என்பார்கள். பெரும்பாலும் ஐந்தாறு விநாடிகளில் முடிந்துவிடும். இருபது விநாடி நீடித்தால் அது நீண்ட பிரேக். இந்தச் சில விநாடிகளை ஒரு சிறிய பெட்டிக்குள் அடைத்து, காய்கறியை நறுக்குவது போல நறுக்கி, துண்டுகளை வேறு வரிசையில் அடுக்கிப் புதிய தாளம் செய்யும் வித்தை 1980-களில் அமெரிக்காவில் உருவாயிற்று. அந்தப் பெட்டி எப்படி வேலை செய்தது, நறுக்கவேண்டிய தேவை எப்படி வந்தது, நறுக்கப்பட்டது யாருடைய தாளம் என்பதை இங்கே பார்ப்போம்.

வளையமான நாடா

ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்யும் முயற்சி மின்னணுப் பெட்டிகளுக்கு முந்தியது. பிரெஞ்சு வானொலியில் பணிபுரிந்த பியர் ஷேஃபர் 1948-இல் இசைத்தட்டின் வரிப்பள்ளத்தைச் சுருளாக ஓடவிடாமல் வட்டமாக மூடிவிட்டார். ஊசி அந்த ஒரே வட்டத்தில் சுற்றி வந்ததால் அதில் பதிந்த ஒலி முடிவின்றித் திரும்பி வந்தது. (கீறல் விழுந்த தட்டு ஒரே சொல்லை விடாமல் பாடுவது நமக்குத் தெரிந்ததுதான். ஷேஃபர் அதையே வேண்டுமென்று செய்தார்.) ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் ஹாரி சேம்பர்லின் என்பவர் டிரம் வாசிப்பைக் காந்த நாடாவில் பதிந்து, நாடாவின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கி, 'ரித்மேட்' என்ற பெட்டியில் ஓடவிட்டார்.

நாடா வளையம் என்றால் எவ்வளவு நீளம் என்று எண்ணுகிறீர்கள்? ஒலிப்பதிவுக் கூடங்களில் நாடா விநாடிக்கு 38 சென்டிமீட்டர் அல்லது 76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். நான்கு விநாடித் தாளத்துக்கு ஒன்றரை மீட்டர் முதல் மூன்று மீட்டர் வரை நாடா வேண்டும். பதிவுக் கருவியில் அவ்வளவு நீள வளையத்துக்கு இடம் ஏது? 1977-இல் பிரான்சில் 'பீ ஜீஸ்' குழுவினர் 'ஸ்டேயிங் அலைவ்' என்ற பாட்டைப் பதிந்துகொண்டிருந்தபோது, அவர்களுடைய டிரம் கலைஞர் குடும்பக் காரணமாக ஊருக்குப் போயிருந்தார். முன்பே பதிந்திருந்த 'நைட் ஃபீவர்' பாட்டிலிருந்து இரண்டு சுற்றுத் தாளத்தைப் பிரதி எடுத்து, வளையமாக ஒட்டி, அதனை மைக் தாங்கிகளில் சுற்றி ஓடவிட்டு வேலையை முடித்தார்கள். அந்த வாசிப்புக்கு உரியவராக 'பெர்னார்ட் லூப்' என்ற இல்லாத மனிதரின் பெயரையும் குறிப்பிட்டுவிட்டார்கள். விளையாட்டாகச் செய்ததுதான். ஆனால் டிரம் வாசித்தவரின் பெயர் மறைந்துபோகும் கதை இதோடு நிற்கவில்லை.

நாடாவில் ஒரு பெரிய சங்கடம் உண்டு. தாளத்தை விரைவாக்க நாடாவை வேகமாக ஓட்டினால் சுருதியும் ஏறிவிடும், மெதுவாக்கினால் இறங்கிவிடும். காலமும் சுருதியும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. இந்தக் கட்டை அவிழ்க்கத்தான் பின்னால் நறுக்கும் முறை வந்தது.

இதற்கிடையே நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் வேறொரு வழி பிறந்திருந்தது. 1973 ஆகஸ்ட் 11 அன்று செஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தில் நடந்த விருந்து ஒன்றில் டி.ஜே. கூல் ஹெர்க் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். பிரேக் வரும்போதுதான் மக்கள் துள்ளி ஆடுகிறார்கள் என்பதை அவர் கவனித்து வைத்திருந்தார். எனவே ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு சுழல்மேடைகளில் வைத்து, ஒன்றில் பிரேக் முடிந்ததும் மற்றதில் தொடங்கும் முறையை வளர்த்தார். கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் இதனை மேலும் செம்மைப்படுத்தி, தட்டின் மேல் கடிகார முள்ளைப்போல் அடையாளக் கோடு இட்டு, எத்தனை சுற்று பின்னால் திருப்பவேண்டும் என்று கணக்கு வைத்துக்கொண்டார். கையாலேயே லூப் செய்துவிட்டார்கள்.

எண்களாக மாறிய அடி

கையால் செய்ததைப் பெட்டிக்குள் கொண்டுவர ஒலியை எண்ணாக்க வேண்டியிருந்தது. ஒலி என்பது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம் அல்லவா? அந்த ஏற்ற இறக்கத்தின் உயரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாகக் குறித்துவைத்தால், பிறகு அந்த எண்களிலிருந்தே ஒலியைத் திரும்பப் பெறலாம். இதற்குச் 'சாம்பிளிங்', அதாவது மாதிரி எடுத்தல் என்று பெயர். எவ்வளவு அடிக்கடி அளக்கிறோமோ அதில் பாதி அதிர்வெண் வரையுள்ள ஒலிகள்தாம் பிழையின்றிக் கிடைக்கும் என்பது விதி.

கலிபோர்னியாவைச் சேர்ந்த கிதார் கலைஞர் ராஜர் லின் 1980-இல் வெளியிட்ட எல்.எம்.-1 என்ற பெட்டியே உண்மையான டிரம் ஒலிகளை எண்களாகச் சில்லுகளில் வைத்து விற்பனைக்கு வந்த முதல் தாளப்பொறி. (அதே ஆண்டில் ஜப்பானிலிருந்து வந்த ரோலண்ட் 808 வேறு இனம், அது மின்சுற்றுகளால் டிரம் போன்ற ஒலியை உண்டாக்கியது.) லின் ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளில், அதாவது 256 படிகளில் குறித்தார். அவருடைய பெட்டியில் பெரிய சிம்பல் தட்டின் ஒலி கிடையாது. காரணம் எளிது. தட்டை ஒருமுறை அடித்தால் பல விநாடிகள் அதிர்ந்துகொண்டேயிருக்கும். அவ்வளவு எண்களை வைக்க அன்றைக்கு நினைவகச் சில்லு வாங்கினால் பெட்டியின் விலை எங்கேயோ போயிருக்கும். அது இல்லாமலே விலை 5,000 டாலரை ஒட்டி இருந்தது!

எல்.எம்.-1-இல் தயாரிப்பாளர் தந்த ஒலிகள்தாம் உண்டு. வாங்கியவர் தமக்கு வேண்டிய ஒலியைப் பெட்டிக்குள் பதிந்துகொள்ளும் வசதியுடன் கலிபோர்னியாவின் ஈ-மியூ நிறுவனம் 1985-இல் எஸ்.பி.-12 என்ற பொறியையும், 1987-இல் எஸ்.பி.-1200 என்ற பொறியையும் கொண்டுவந்தது. இரண்டாவதுதான் நம் கதையின் நாயகன். விநாடிக்கு 26,040 அளவுகள். ஒவ்வொன்றும் 12 பிட், அதாவது 4,096 படிகள். முழு நினைவகமும் சேர்த்து 10 விநாடி ஒலிதான் பிடிக்கும். அதிலும் ஒரே துண்டு 2½ விநாடிக்கு மேல் போகக்கூடாது. எட்டுப் பொத்தான்கள், எட்டுத் தள்ளுகுமிழ்கள், ஒரு நெகிழ்தட்டு இயக்கி. இவ்வளவே உடைமை. பத்து விநாடி என்றால் 2,60,400 எண்கள். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு படத்துக்கே இதைவிடப் பெரிய இடம் தேவைப்படுகிறது.

பொறி செய்தவர்கள் தனித்தனி டிரம் அடிகளைப் பதிவதற்காகவே இதனைத் திட்டமிட்டார்கள். ஆனால் நியூயார்க் இளைஞர்கள் பழைய இசைத்தட்டுகளைக் கொண்டுவந்து அதன்முன் வைத்தார்கள். 1980-களின் நடுவில் குவீன்ஸ் பகுதியின் மார்லி மார்ல், இசைத்தட்டிலுள்ள ஒரு ஸ்நேர் டிரம் அடியை மட்டும் பிய்த்தெடுத்து வேறு தாளத்தில் வாசிக்கலாம் என்று கண்டுகொண்டது ஒரு திருப்பம். கையில் டிரம் இல்லாதவருக்கும், வாசிக்கத் தெரியாதவருக்கும், பெரிய கலைஞரின் அடி அப்படியே கிடைத்தது.

நறுக்கும் முறை

இப்போது நீங்களே ஓர் எஸ்.பி.-1200 முன் அமர்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கையில் உள்ளது ஜேம்ஸ் பிரௌனின் 'ஃபங்கி டிரம்மர்'. 1969 நவம்பரில் சின்சினாட்டியில் பதிவாகி 1970-இல் வெளிவந்த பாட்டு. அதில் கிளைட் ஸ்டபில்ஃபீல்ட் தனித்து வாசிக்கும் எட்டுச் சுற்றுப் பிரேக் உண்டு. நிமிடத்துக்கு ஏறத்தாழ 101 எண்ணிக்கை. ஒரு சுற்றுக்கு நான்கு எண்ணிக்கை. எனவே ஒரு சுற்று சுமார் 2.38 விநாடி. 2½ விநாடி வரம்புக்குள் மயிரிழையில் அடங்குகிறது. ஆனால் இதையே பதிந்தால் நினைவகத்தில் கால்பங்கு போய்விடுமே?

இங்கேதான் ஓர் உபாயம். நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடவேண்டிய தட்டை 45 சுற்றில் ஓடவிடுங்கள். எல்லாம் 1.35 மடங்கு விரைவாகும், 2.38 விநாடி 1.76 விநாடியாகச் சுருங்கும். பதிந்தபின் பொறியிலேயே சுருதியை ஐந்து அரைச்சுரம் அளவுக்கு இறக்கினால் தாளம் ஏறக்குறையப் பழைய நடைக்கு வந்துவிடும். பத்து விநாடிப் பெட்டி பதின்மூன்றரை விநாடிப் பெட்டியாகிவிட்டது!

இதற்கு ஒரு விலை உண்டு. விநாடிக்கு 26,040 முறை அளக்கும் பொறி 13,020 ஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். சுருதியை இறக்கும்போது அந்த எல்லையும் 9,600 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கிவிடும். அதற்கு மேலுள்ள பளபளப்பு போய்விடும். அதோடு, இந்தப் பொறி சுருதியை இறக்குவதற்குச் சில எண்களை இருமுறை படிக்கும்; இடையில் வரவேண்டிய மதிப்பைக் கணக்கிட்டு நிரப்பாது. அதனால் மூல ஒலியில் இல்லாத உலோகக் கரகரப்பு ஒன்று சேரும். பொறியியல் நோக்கில் இது குறை. ஆனால் கேட்டவர்களுக்கு இந்தக் கரகரப்பே பிடித்துப்போயிற்று! நினைவகம் கொட்டிக்கிடக்கும் இந்நாளிலும் அதே கரகரப்பை உண்டாக்க மென்பொருள் எழுதி விற்கிறார்கள்.

பதிவதற்கு முன் சில ஆயத்தங்கள் வேண்டும். தட்டைத் துடையுங்கள், தூசியின் 'பட் பட்' ஒலியும் எண்ணாகிவிடும். ஒலி அளவை, உச்சம் பிசகாத எல்லை வரை உயர்த்துங்கள். கால்பங்கு உயரத்தில் பதிந்தால் 4,096 படிகளில் 1,024 மட்டுமே பயன்படும். மெல்லிய அடிகள் சொரசொரப்பாகிவிடும். ஸ்டபில்ஃபீல்டின் வாசிப்பில் உயிர் இருப்பதே அந்த மெல்லிய அடிகளில்தான். ஸ்நேரின் பெரிய அடிகளுக்கு நடுவே, கேட்டும் கேட்காமலும் அவர் தட்டிக்கொண்டே போகிறார்.

பதிந்தாயிற்று. இனி முன்னும் பின்னும் உள்ள மிச்சத்தை வெட்டவேண்டும். முதல் அடி தொடங்கும் முனையில் தலையை வெட்டுங்கள். வெட்டும் இடத்தில் அலை சுழிக் கோட்டைக் கடந்துகொண்டிருக்க வேண்டும். அலை உயரத்தில் இருக்கும்போது வெட்டினால், ஒலி சுழியிலிருந்து திடீரென்று அந்த உயரத்துக்குத் தாவும்; அந்தத் தாவல் 'டிக்' என்று கேட்கும். வாலை வெட்டுவது இன்னும் கடினம். சுற்று 20 மில்லி விநாடி நீண்டுவிட்டால் என்ன என்று கேட்கலாம். ஒருமுறை கேட்டால் தெரியாதுதான். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் 20 மில்லி விநாடி சேர்ந்து, எட்டாவது சுற்று முடிவில் 160 மில்லி விநாடி ஆகிவிடும். அது எண்ணிக்கையின் கால்பங்கைவிட அதிகம். மற்ற வாத்தியங்கள் ஒரு பக்கமும் தாளம் ஒரு பக்கமுமாகப் போய்விடும்.

இதற்கு மருந்துதான் நறுக்குதல். சுற்றை எட்டுத் துண்டாக்கி, எட்டுப் பொத்தான்களிலும் ஒவ்வொன்றாக வையுங்கள். ஒவ்வொரு துண்டும் அரை எண்ணிக்கை; இயல்பு வேகத்தில் 297 மில்லி விநாடி. பொறிக்குள் இருக்கும் கடிகாரம் ஒவ்வொரு துண்டையும் அதற்குரிய நேரத்தில் தொடங்கிவைக்கும். பிழை சேர்ந்துகொண்டே போக வழியில்லை. துண்டுக்குத் துண்டு கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. நாடாவில் இருந்த கட்டும் இங்கே அவிழ்ந்துவிடுகிறது. நிமிடத்துக்கு 110 எண்ணிக்கை வேண்டுமா? துண்டுகள் 273 மில்லி விநாடிக்கு ஒருமுறை தொடங்கும். ஒவ்வொன்றிலும் கடைசி 24 மில்லி விநாடி அறுபடும். அது அதிர்வு ஓயும் வால்தான். காது பெரிதும் தேடாது. சுருதி அப்படியே இருக்கும். 90 எண்ணிக்கைக்கு இறக்கினால் நிலைமை வேறு. 333 மில்லி விநாடிக்கு ஒரு துண்டு. ஒலி 297-இல் தீர்ந்துவிடும். நடுவே 36 மில்லி விநாடி மௌனம். அறையின் எதிரொலி அடிக்கு அடி அறுந்து அறுந்து வருவதை எளிதில் கேட்கலாம். அந்த ஓட்டையை மூட மேலே ஒரு ஹை-ஹாட் ஒலியைத் தூவுவார்கள், அல்லது துண்டின் சுருதியைச் சற்று இறக்கி நீளமாக்குவார்கள்.

துண்டுகள் தனித்தனிப் பொத்தான்களில் வந்துவிட்டால் அவற்றை எந்த வரிசையிலும் அடுக்கலாம். முதலாவதை மூன்றுமுறை, ஏழாவதை ஒருமுறை, நாலாவதை இடம் மாற்றி என்று வாசித்தால், ஸ்டபில்ஃபீல்ட் ஒருநாளும் வாசித்திராத தாளத்தை அவர் கையாலேயே வாசிக்கவைக்கலாம்.

எங்கே வெட்டுவது?

இந்தக் கேள்வியில்தான் கைத்திறன் வெளிப்படும். மனிதன் வாசிக்கும்போது அடிகள் கடிகாரத்தில் குறித்த நேரத்தில் விழுவதில்லை. ஸ்நேர் சில மில்லி விநாடி பிந்தும். ஹை-ஹாட் சற்று முந்தும். அந்த முந்தலும் பிந்தலும்தான் காலை ஆடச் செய்கிறது.

ஒவ்வோர் அடியும் தொடங்கும் முனையிலேயே வெட்டினால் துண்டு சுத்தமாக இருக்கும். பொத்தானைத் தொட்டதும் ஒலிக்கும். ஆனால் பொறி அதனைக் குறித்த நேரத்தில் தொடங்குவதால் வாசித்தவரின் முந்தலும் பிந்தலும் மறைந்துவிடும். மாறாக, அடி எங்கே விழுந்தாலும் கவலைப்படாமல் சம நீளத்தில் வெட்டினால், பிந்தி விழுந்த அடிக்கு முன்னால் இருந்த சிறு இடைவெளியும் துண்டுக்குள் வந்துவிடும். நடை காப்பாற்றப்படும். ஆனால் முந்தி விழுந்த அடியின் தலை முந்தைய துண்டின் வாலில் ஒட்டிக்கொள்ளும். வரிசையை மாற்றினால் அந்தத் தலை வேண்டாத இடத்தில் துருத்திக்கொண்டு கேட்கும். இரண்டில் எது சரி என்று எந்தக் கையேடும் சொல்ல முடியாது. வரிசையை மாற்றப் போகிறவருக்கு முதல் முறை. நடை வேண்டுபவருக்கு இரண்டாவது. எனக்குத் தோன்றுவது, அரை எண்ணிக்கைத் துண்டுகளாகப் பெரிதாக வெட்டுவதே நல்லது. மெல்லிய அடிகளின் முந்தல் பிந்தலாவது துண்டுக்குள் பத்திரமாக இருக்கும்.

இழந்த நடையைப் பொறி கொண்டே திருப்பித் தர ராஜர் லின் ஒரு வழி கண்டிருந்தார். அரை எண்ணிக்கையை இரண்டாகப் பிரித்தால் 100 எண்ணிக்கை வேகத்தில் 150, 150 மில்லி விநாடி வரும். இரண்டாவது பாதியைச் சற்றுத் தள்ளி 180, 120 என்று வைத்தால் தாளம் அசைந்தாடத் தொடங்கும். 200, 100 என்றால் அது மும்மை நடை. இதற்கு 'ஸ்விங்' என்று பெயர். எல்.எம்.-1-இலேயே இது இருந்தது. லின்னின் சொந்த நிறுவனம் 1986-இல் மூடப்பட்டபின், ஜப்பானின் அக்காய் நிறுவனத்துக்காக அவர் வடிவமைத்து 1988-இல் வந்த எம்.பி.சி.-60 இந்த வசதிக்காகவே பெயர்பெற்றது. வரிசைக்கு நான்காகப் பதினாறு பொத்தான்கள் கொண்ட அதன் முகம் இன்றும் புதிய பொறிகளில் காணப்படுகிறது. அடிமுனைகளைத் தானாகக் கண்டுபிடித்து வெட்டும் 'ரீசைக்கிள்' என்ற கணிப்பொறி மென்பொருள் 1994-இல் ஸ்வீடனிலிருந்து வந்தபின் நாள் கணக்கில் செய்த வேலை நிமிடக் கணக்காயிற்று.

ஏழு விநாடிகள்

இவ்வளவும் யாருடைய தாளத்தில் நடந்தது? மிக அதிகமாக நறுக்கப்பட்ட பிரேக் என்று 'ஆமென், பிரதர்' என்ற பாட்டில் வருவதைச் சொல்வார்கள். 1969-இல் 'வின்ஸ்டன்ஸ்' என்ற குழு வெளியிட்ட இசைத்தட்டின் மறுபக்கப் பாட்டு அது. முன்பக்கப் பாட்டு பரிசு பெற்றது; மறுபக்கத்தை எவரும் பொருட்படுத்தவில்லை. அதில் கிரெகரி கோல்மன் நான்கு சுற்று தனித்து வாசிக்கிறார், ஏழு விநாடிதான். 1986-இல் பிரேக்குகளின் தொகுப்புத் தட்டு ஒன்றில் அது சேர்க்கப்பட்டபின் பொறிக்காரர்கள் கைக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. 1988-இல் என்.டபிள்யூ.ஏ. குழு அதை மெதுவாக்கிப் பயன்படுத்தியது. 1990-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் அதனைப் பொடிப்பொடியாக நறுக்கி அதிவேகத்தில் ஓட்டியதிலிருந்து 'ஜங்கிள்' என்ற புதிய இசைவகையே கிளம்பிற்று. ஆயிரக்கணக்கான பதிவுகளில் அந்த ஏழு விநாடி இருக்கிறது.

சட்டம் என்ன செய்தது? 1991 டிசம்பர் 17 அன்று நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் கெவின் டஃபி என்ற நீதிபதி, அனுமதியின்றி இன்னொருவர் பாட்டிலிருந்து மாதிரி எடுத்த பிஸ் மார்க்கி என்ற பாடகருக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். திருடக்கூடாது என்ற பைபிள் கட்டளையோடு தீர்ப்பைத் தொடங்கினார். அதன்பின் மாதிரி எடுப்பதற்கு முன்னால் காசு கொடுத்து அனுமதி வாங்குவது வழக்கமாயிற்று. எவ்வளவு சிறிய துண்டானாலும் அனுமதி வேண்டுமென்று 2005-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2016-இல் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம், 0.23 விநாடி ஊதுகுழல் ஒலியைப் பற்றிய வழக்கில், அவ்வளவு சிறியது குற்றமாகாது என்று தீர்ப்பளித்தது. இரண்டும் ஒரே நாட்டு நீதிமன்றங்கள்!

இந்த வழக்குகளில் டிரம் வாசித்தவருக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். பாட்டின் உரிமை மெட்டும் சொல்லும் இயற்றியவருக்கு. பதிவின் உரிமை பெரும்பாலும் இசைத்தட்டு நிறுவனத்துக்கு. வாசித்தவர் அன்றைய கூலியை வாங்கிக்கொண்டு போனவர். அவர் தம் கையாலேயே உண்டாக்கிய தாளம் 'இயற்றியது' என்ற கணக்கில் வராது.

கிரெகரி கோல்மன் 2006-இல் அட்லாண்டா நகரில் வீடற்ற ஏழையாக இறந்தார். குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கே 1996 வரை இந்தச் செய்தி தெரியாது. 2015-இல் இங்கிலாந்தின் இசைத்தட்டுக்காரர்கள் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி அவருக்கு 24,000 பவுண்டு அனுப்பினார்கள்; அதற்குள் கோல்மன் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஸ்டபில்ஃபீல்ட் முதுமையில் விஸ்கான்சின் மாநிலத்து மாடிசன் நகரில் வாழ்ந்தார். 'ஃபங்கி டிரம்மர்' பிரேக்குக்காகத் தமக்கு உரிமைத்தொகை வந்ததில்லை என்று சொல்லிவந்த அவர், அறுபது வயதைக் கடந்தபின், மற்றவர்கள் நறுக்குவதற்கென்றே புதிதாகச் சில தாளங்களை வாசித்துப் பதிந்து, உரிம ஏற்பாட்டுடன் வெளியிட்டார். 2017 பிப்ரவரியில் காலமானார்.